அலுவலகம், குடோன், வீடு: எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் தலைமை அலுவலகம், பல்லடத்தில் குடோன், தூத்துக்குடியில் ஷிப்பிங் ஆபீஸ், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் நாலைந்து பேர், மாதத்தில் சில நாள் மட்டும் கணக்கைத் திறந்து பார்க்கும் ஆடிட்டர். நடுத்தரப் பனியன் கம்பெனி ஒன்றின் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கணக்கு மென்பொருளான டேலி இருக்கும் கம்ப்யூட்டர் தலைமை அலுவலகத்தில். அது எல்லோருக்கும் வேண்டும்.

இதற்குப் பல இடங்களில் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு, ரவுட்டரில் 3389 போர்ட்டை (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்தான் போர்ட்) திறந்து, ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறிடத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டுவிடுவது. அப்புறம் கேமராவுக்கு ஒரு போர்ட், பயோமெட்ரிக் மெஷினுக்கு ஒரு போர்ட் என்று அது வளர்ந்துகொண்டே போகும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்களின் தானியங்கிக் கருவிகள் இன்டர்நெட் முழுக்கத் துழாவும்போது தேடும் முக்கியமான எண்களில் 3389 ஒன்று. அதை 3390 என்று மாற்றி வைத்தால் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான். 2016-இல் மிராய் என்ற பாட்நெட் (திருட்டுத்தனமாகப் பிடித்த சாதனங்களின் படை) லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்ததும், வெளியிலிருந்து எட்டும் நிலையில் பழைய பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் வைத்துத்தான்.

வி.பி.என். என்பது இன்டர்நெட்டின் ஊடாக இரண்டு இடங்களுக்கு நடுவே போடும் பூட்டிய தனிப் பாதை; அந்தப் பாதையைத்தான் டனல் என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் அந்தப் போர்ட்டுகள் எல்லாவற்றையும் மூடிவிடலாம். வெளியே ஒரே ஒரு வாசல், அதற்குள் சாவி உள்ளவர் மட்டும். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டுவதாக விளம்பரம் செய்யும் வி.பி.என். ஆப்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அவற்றுக்குச் சந்தா கட்டி ஆபீஸை இணைக்க முடியாது.

மேலே சொன்ன கம்பெனியையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டனல் போடுவது அரை மணி நேர வேலை. நேரத்தைத் தின்பது வேறு மூன்று விஷயங்கள்: முகவரிகள், பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) திரும்பி வரும் பாதை, யார் எதைப் பார்க்கலாம் என்ற முடிவு. அதனால் ரவுட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள்.

படி 1: முகவரிகளைப் பிரித்துக் கொடுங்கள்

பெரும்பாலான ரவுட்டர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியோடு வருகின்றன. ஜியோ ஃபைபர் ரவுட்டர்கள் 192.168.29.1. யாரும் இதை மாற்றுவதில்லை. ஆக, தலைமை அலுவலகத்திலும் 192.168.1.x, குடோனிலும் 192.168.1.x, மெர்ச்சண்டைசர் வீட்டிலும் 192.168.1.x.

தனித்தனியாக இருக்கும்வரை தொல்லையில்லை. இணைத்தவுடன் சிக்கல் தொடங்கும். வீட்டிலிருந்து ஒருவர் 192.168.1.10-இல் இருக்கும் டேலி சர்வரைத் திறக்கப் பார்க்கிறார். அவருடைய லேப்டாப், 'இது நம்ம வீட்டு வைஃபையில் இருக்கும் முகவரிதானே' என்று வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டுக் கைவிரித்துவிடும். பாக்கெட் டனலுக்குள் போகவே போகாது. வி.பி.என். 'கனெக்டட்' என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும், வேலை மட்டும் நடக்காது. இரண்டு பக்கமும் முகவரியை மொழிபெயர்த்து ஒப்பேற்றும் வழிகள் உண்டு, அதில் இறங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரிகள் மூன்று தொகுதி: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. வீட்டு ரவுட்டர்கள் மூன்றாவதில்தான் குவிந்திருக்கின்றன. அதனால் கம்பெனிக்கு முதல் தொகுதியிலிருந்து எடுப்போம், அதிலும் 10.0.0.x, 10.1.1.x போன்ற, எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்களை விட்டுவிடுவோம். /24 என்றால் முதல் மூன்று எண்கள் மாறாத தொகுதி, /16 என்றால் முதல் இரண்டு மாறாதது, /32 என்றால் ஒரே ஒரு முகவரி.

- திருப்பூர் தலைமை அலுவலகம்: 10.20.1.0/24
- பல்லடம் குடோன்: 10.20.2.0/24
- தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்: 10.20.3.0/24
- டனலுக்குள் பயன்படுத்துவது: 10.20.255.0/24

எல்லாமே 10.20 என்று தொடங்குவதில் ஒரு வசதி உண்டு. கிளை ரவுட்டரில் '10.20.0.0/16 எல்லாம் டனலுக்குள் போ' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நாளை சென்னையில் ஒரு ஷோரூம் திறந்தால் 10.20.4.0/24 கொடுத்தால் போதும், பழைய கிளைகளில் எதையும் தொட வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸில் முகவரி மாற்றுவதுதான் இந்த வழிகாட்டியிலேயே மிகவும் எரிச்சலான வேலை. கம்ப்யூட்டர்கள் தானாகப் புது முகவரி வாங்கிக்கொள்ளும். கையால் முகவரி போட்டு வைத்தவை வாங்காது: பிரிண்டர், பயோமெட்ரிக் மெஷின், கேமரா ரெக்கார்டர், டேலி சர்வர். ஒவ்வொன்றின் பழைய முகவரியையும் எழுதிக்கொண்டு, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். டேலி லைசன்ஸ் சர்வரின் முகவரி மற்ற மெஷின்களில் எண்ணாகவே பதிந்திருக்கலாம், அதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். ஷிப்மென்ட் இருக்கும் வாரத்தில் வேண்டாம்.

படி 2: பொது ஐபி இருக்கிறதா என்று பாருங்கள்

டனலின் இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றையாவது வெளியிலிருந்து எட்ட முடிய வேண்டும்; அதற்கு இன்டர்நெட்டில் நேராகத் தெரியும் முகவரி, அதாவது பொது ஐபி, வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், ஒன்று போதும். ஒவ்வொரு கிளைக்கும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வேண்டும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் மட்டும் வாங்குங்கள். மற்றவை எல்லாம் அங்கே கூப்பிட்டுக்கொள்ளும்.

இப்போது உங்களுக்குப் பொது ஐபி இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ரவுட்டரின் வான் (வெளி இணைப்பு) பக்கத்தில் காட்டும் முகவரியையும், 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடினால் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் சரி. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது காட்டினால், ஐஎஸ்பி (இன்டர்நெட் தரும் நிறுவனம்) ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். இதைத்தான் சிஜிநாட் என்பார்கள். அந்த இணைப்புக்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளிருக்கும் சாதனத்துக்குத் திருப்புவது) எத்தனை முறை போட்டாலும் நடக்காது.

ரவுட்டரில் 192.168 என்று காட்டினால், ஐஎஸ்பி கொடுத்த ஃபைபர் மோடமும் தனியாக ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இருக்கும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால், அந்த மோடத்தில் நம் வி.பி.என். பயன்படுத்தப்போகும் யுடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு முறை) 51820 போர்ட்டை மட்டும் உங்கள் ரவுட்டருக்குத் திருப்பிவிடுங்கள்.

மாறிக்கொண்டே இருக்கும் பொது ஐபி இருந்தால் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு இணைக்கும் சேவை) போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சமாளிக்கலாம்தான். ஆனால் நாம் பயன்படுத்தப்போகும் வயர்கார்டு என்ற வி.பி.என். பொதுவாக டனல் எழும்போது ஒரு முறைதான் பெயரைத் தேடி முகவரியை எடுத்துக்கொள்ளும். நடுவில் முகவரி மாறினால் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட வேண்டும். மாதக் கட்டணம் கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி வாங்குவதே நிம்மதி.

எந்த ஐஎஸ்பியும் தர மாட்டேன் என்றால்? மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு சிறிய கிளவுட் சர்வர் எடுத்து, அதை நடுவில் வைத்து எல்லாக் கிளைகளையும் அதற்கு இணைக்கலாம். கீழே வரும் படிகளில் 'தலைமை அலுவலக ரவுட்டர்' என்ற இடத்தில் அந்த சர்வரை வைத்துப் படித்தால் போதும்.

படி 3: எந்த வி.பி.என்.?

முதலில் வேண்டாதது. பிபிடிபி. பழைய ரவுட்டர்களின் மெனுவில் இன்னும் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு பாதுகாப்பை உடைத்துக் காட்டி 2012-லேயே முடித்துவிட்டார்கள்.

இரண்டு முனையிலும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஃபோர்ட்டிகேட், சோஃபோஸ் போன்ற ஃபயர்வால் (எதை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது என்று பார்க்கும் காவல் சாதனம்) இருந்தால் அதிலுள்ள ஐபிசெக் என்ற வி.பி.என். முறையைப் பயன்படுத்துங்கள். அதில் சாவி பரிமாறும் முறையாக ஐகேஇ பதிப்பு 2 என்று தேர்ந்தெடுங்கள். ஆனால் அப்டேட் போடாமல் வைத்திருக்கும் விலையுயர்ந்த ஃபயர்வால், ஃபயர்வால் இல்லாததைவிட மோசம். 2021 செப்டம்பரில் ஏறத்தாழ 87,000 ஃபோர்ட்டிகேட் சாதனங்களின் வி.பி.என். பாஸ்வேர்டுகள் வெளியே கசிந்தன. அந்தக் கசிவுக்குக் காரணமான ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2019-லேயே வந்துவிட்டிருந்தது.

ஓப்பன்விபிஎன் பழுத்த அனுபவசாலி. யுடிபி 1194 வழக்கமான போர்ட்; தேவைப்பட்டால் டிசிபி 443-இலும் ஓடும். மற்ற வி.பி.என்.களை மறிக்கும் ஹோட்டல் வைஃபையில்கூடப் பெரும்பாலும் நுழைந்துவிடும். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்க வைக்கலாம். வேகம்தான் கொஞ்சம் குறைவு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-உடன் சேர்ந்தே வரத் தொடங்கியது. மொத்தம் சுமார் 4,000 வரி நிரல்தான், அதனால் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்துச் சரிபார்க்க முடிகிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு, சான்றிதழ் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஜோடிச் சாவி மட்டும். சரியான சாவி இல்லாமல் யாராவது தட்டினால் பதிலே சொல்லாது. போர்ட் ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஐடி ஆளே இல்லாத, பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனி என்றால் டெய்ல்ஸ்கேல் போன்ற சேவையைப் பாருங்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். சாவிகளைப் பரிமாறுவதையும் சிஜிநாட்டைத் தாண்டுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் வேறொரு கம்பெனியின் சர்வரில் இருக்கும். அதற்குச் சம்மதம் என்றால் பாதிப் படிகள் மிச்சம்.

படி 4: தலைமை அலுவலக ரவுட்டர்

மைக்ரோடிக் ரவுட்டரை எடுத்துக்கொள்கிறேன், ரவுட்டர்ஓஎஸ் 7 பதிப்பு. 6 என்றால் வயர்கார்டு இருக்காது, முதலில் அப்கிரேடு செய்யுங்கள். வேறு ரவுட்டராக இருந்தாலும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் இவையே.

மைக்ரோடிக்கை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளில் வயர்கார்டு மெனுவுக்குப் போய்ப் புதிய இன்டர்ஃபேஸ் (டனலின் முனை) ஒன்று சேர்த்தால், ரவுட்டரே சாவி ஜோடியை உண்டாக்கிக்கொள்ளும். ஒன்று பிரைவேட், ஒன்று பப்ளிக். இரண்டும் 44 எழுத்து நீளம், கடைசியில் ஒரு சமக்குறி. பப்ளிக் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். பிரைவேட் சாவி அது பிறந்த சாதனத்தை விட்டு வெளியே வரவே கூடாது. போர்ட் எண்ணாக மைக்ரோடிக் தானாக 13231 போடும். உலக வழக்கம் 51820. நாம் 51820 என்று மாற்றிக்கொள்வோம். பிறகு ஐபி அட்ரஸ் பகுதியில் இந்த இன்டர்ஃபேஸுக்கு 10.20.255.1/24 கொடுங்கள்.

அடுத்தது ஃபயர்வால். இன்புட் பகுதியில், வெளியிலிருந்து வரும் யுடிபி 51820-ஐ அனுமதிக்கும் விதி ஒன்று. அதை எழுதினால் மட்டும் போதாது; கடைசியில் இருக்கும் 'எல்லாவற்றையும் தள்ளு' விதிக்கு மேலே இழுத்து வையுங்கள். ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். கீழே கிடந்தால் அந்த விதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிறகு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பீர், அதாவது மறுமுனைக்கான பதிவு. தூத்துக்குடிக்கு நிரப்ப வேண்டியது: அந்த ரவுட்டரின் பப்ளிக் சாவி, அலவ்டு அட்ரஸ் கட்டத்தில் 10.20.255.3/32, 10.20.3.0/24 இரண்டும். என்ட்பாயிண்ட் (மறுமுனையின் பொது முகவரி) கட்டம் காலி, ஏனென்றால் அவர்கள்தான் நம்மைக் கூப்பிடப்போகிறார்கள்.

அலவ்டு அட்ரஸ் என்ற இந்த ஒரு கட்டம் இரண்டு வேலை பார்க்கிறது. 10.20.3.x-க்குப் போக வேண்டியதை எந்தச் சாவியால் பூட்டி அனுப்புவது என்று முடிவு செய்வது அதுதான். அந்தச் சாவியோடு வரும் பாக்கெட் 10.20.3.x என்ற முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறதா என்று சோதிப்பதும் அதுதான். வேறு முகவரியைப் போட்டுக்கொண்டு வந்தால் தூக்கிப் போட்டுவிடும். அதனால் ஒரே முகவரித் தொகுதியை இரண்டு பீர்களுக்குக் கொடுக்க முடியாது. பல்லடத்துக்குக் கை தவறி 10.20.3.0/24 போட்டால் தூத்துக்குடி அறுந்துவிடும்.

லினக்ஸிலும் விண்டோஸிலும் இந்தக் கட்டத்தை நிரப்பினாலே ரூட்டும் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பதிவு) சேர்ந்துவிடும். மைக்ரோடிக்கில் சேராது. ரூட்ஸ் பகுதிக்குப் போய் 10.20.2.0/24, 10.20.3.0/24 இரண்டுக்கும் கேட்வேயாக (வெளியேறும் வாசலாக) வயர்கார்டு இன்டர்ஃபேஸைக் கையால் போட வேண்டும். இணைப்பு வந்தும் எதுவும் போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5: கிளை ரவுட்டர்கள்

தூத்துக்குடியில் இதே இன்டர்ஃபேஸ், முகவரி 10.20.255.3/24. ஒரே ஒரு பீர், அது தலைமை அலுவலகம். என்ட்பாயிண்ட் கட்டத்தில் தலைமை அலுவலகத்தின் ஸ்டாட்டிக் ஐபி, போர்ட் 51820. அலவ்டு அட்ரஸ் 10.20.0.0/16. அதே தொகுதிக்கு ஒரு ரூட். இப்படிச் செய்தால் தூத்துக்குடியிலிருந்து பல்லடத்துக்கும் திருப்பூர் வழியாகவே போகலாம். கிளைக்குக் கிளை தனி டனல் தேவையில்லை.

பெர்சிஸ்டண்ட் கீப்அலைவ் கட்டத்தில் 25 விநாடி போடுங்கள். கிளையின் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் ஐஎஸ்பி அந்தப் பாதையை மறந்துவிடும். பிறகு திருப்பூரிலிருந்து தூத்துக்குடி பிரிண்டருக்கு ஒரு பிரிண்ட் அனுப்பினால் போய்ச் சேராது. 25 விநாடிக்கு ஒரு சிறு பாக்கெட் போய்க்கொண்டிருந்தால் பாதை திறந்தே இருக்கும். தலைமை அலுவலகப் பக்கம் இது வேண்டாம்.

படி 6: சோதனை, வரிசையாக

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதித்தால் எங்கே நிற்கிறது என்று தெரியாது. தூத்துக்குடியிலிருந்து இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பீர் பக்கத்தில் லாஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரு முனையும் கடைசியாகக் கைகுலுக்கி எவ்வளவு நேரமாயிற்று) என்ன காட்டுகிறது? டிராஃபிக் ஓடும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளும். மூன்று நிமிடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டனல் செத்துவிட்டது. அனுப்பியது ஏறுகிறது, வாங்கியது சுழியத்திலேயே நிற்கிறது என்றால், போர்ட் எங்கோ மறிக்கப்படுகிறது அல்லது சாவி மாறிவிட்டது. சாவியை ஒட்டும்போது கடைசிச் சமக்குறி விட்டுப்போவது சாதாரணமாக நடப்பது.

ஹேண்ட்ஷேக் சரி என்றால் 10.20.255.1-ஐ பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது). அப்புறம் 10.20.1.1. அப்புறம் டேலி சர்வர் 10.20.1.10. ரவுட்டர்வரை பதில் வந்து சர்வர் மட்டும் பேசாமல் இருந்தால் வி.பி.என்.-ஐக் குற்றம் சொல்லாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங், பிங் இரண்டுக்குமான விதிகள் பெரும்பாலும் 'லோக்கல் சப்நெட்' என்ற வரம்போடு இருக்கும். 10.20.3.x அதற்கு அயலூர். அந்த விதியின் ஸ்கோப்பில் 10.20.0.0/16-ஐச் சேருங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

இன்னொரு வழக்கமான காரணம், சர்வரின் கேட்வே வேறாக இருப்பது. ஆபீஸில் இரண்டு இன்டர்நெட் இணைப்பு இருந்து, சர்வர் இன்னொரு ரவுட்டரைக் கேட்வேயாக வைத்திருந்தால், தூத்துக்குடியிலிருந்து கேள்வி வந்து சேரும். பதில் தப்பான வாசல் வழியாக வெளியே போய்த் தொலையும்.

பிங் வருகிறது, ஆனால் ஷேர்டு ஃபோல்டர் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் அது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு பற்றிய சிக்கல். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 1492. வயர்கார்டு தன் உறையைச் சுற்றுவதற்காக 80 பைட் ஒதுக்கி 1420 என்று எடுத்துக்கொள்ளும். பிபிபிஓஇ மேல் ஓடினால் அதை 1412 என்று குறைத்து, ஃபயர்வாலின் மேங்கிள் பகுதியில் எம்எஸ்எஸ்ஸையும் (பாக்கெட்டுக்குள் தரவுக்கான இடம்) அதற்கேற்ப ஒடுக்கும் விதி போடுங்கள். சரிபார்க்க, 'உடைக்காதே' என்ற விருப்பத்தோடு 1384 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புக்கான 28 பைட் சேர்ந்து 1412 ஆகும். அது போய் வந்தால் சரி.

கடைசியாக, எண்ணில் திறக்கிறது, கம்ப்யூட்டர் பெயரில் திறக்கவில்லை என்ற புகார் வரும். ஒரே ஆபீஸுக்குள் பெயர்கள் கூவிக் கேட்டுத் தெரிந்துகொள்ளப்படுகின்றன. அந்தக் கூவல் டனலைத் தாண்டாது. ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் பட்டியல்) நாலைந்து பெயர்களைப் பதிந்து, கிளைகளை அந்த டிஎன்எஸ்ஸைக் கேட்க வையுங்கள்.

படி 7: வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி. ஆளுக்கு ஒன்று என்றுகூட வைக்காதீர்கள். ஒரே மெர்ச்சண்டைசரின் லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ஒரே சாவியை இருவர் பயன்படுத்தினால் டனல் இருவருக்கும் மாறி மாறித் தாவும், இருவருக்குமே அறுந்து அறுந்து வரும்.

பலர் செய்வது, ஆபீஸில் உட்கார்ந்து முழுக் கோப்பையும் தயாரித்து மெயிலில் அனுப்புவது. பிரைவேட் சாவி அந்த மெயில்பெட்டியில் காலமெல்லாம் கிடக்கும். வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் வயர்கார்டு ஆப்பில் 'காலி டனல்' ஒன்றைச் சேர்த்தால் அந்த லேப்டாப்பிலேயே சாவி உண்டாகும். அவர் பப்ளிக் சாவியை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் தலைமை அலுவலக ரவுட்டரில் பீர் சேர்த்து 10.20.255.101/32 என்று கொடுத்துவிட்டு, அவர் நிரப்ப வேண்டிய மற்ற வரிகளைத் திருப்பி அனுப்புங்கள்.

லேப்டாப் பக்கம் அலவ்டு ஐபிஸ் என்ன போடுவது? 10.20.0.0/16 போட்டால் ஆபீஸுக்கானது மட்டும் டனலில் போகும், யூடியூப் அவருடைய வீட்டு இணைப்பிலேயே ஓடும். 0.0.0.0/0 போட்டால் எல்லாமே ஆபீஸ் வழியாக. வீட்டில் இருப்பவர்களுக்கு முதலாவதுதான் சரி. இல்லாவிட்டால் அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு வீடியோவும் தலைமை அலுவலக இணைப்பில் உள்ளே வந்து வெளியே போகும். அடிக்கடி வெளிநாடு போய் ஏர்போர்ட் வைஃபையில் வேலை பார்க்கும் முதலாளிக்கு இரண்டாவது.

விண்டோஸில் சாதாரணப் பயனர் டனலை ஏற்றி இறக்க முடியாது, அட்மின் உரிமை கேட்கும். அதற்காக எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடாதீர்கள். 'நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்' குழுவில் சேர்த்து, ரெஜிஸ்ட்ரியில் வயர்கார்டுக்குரிய ஒரு மதிப்பை மாற்றினால், ஏற்றி இறக்க மட்டும் அனுமதி கிடைக்கும்.

படி 8: டேலியை டனல் வழியாகத் திறக்காதீர்கள்

வி.பி.என். வந்ததும் எல்லோரும் செய்வது இது. தூத்துக்குடி கம்ப்யூட்டரில் டேலியை நிறுவி, டேட்டா பாதையில் திருப்பூர் சர்வரின் ஷேர்டு ஃபோல்டரைக் கொடுப்பார்கள். திறக்கும். ஒரு வவுச்சர் போடவே டீ குடித்துவிட்டு வரலாம் என்பதுபோல் இருக்கும். '300 எம்பிபிஎஸ் லைன் போட்டும் இப்படியா' என்று ஐஎஸ்பிக்குப் போன் போகும்.

லைனில் குறையில்லை. ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும் டேட்டாவைத் திறக்கும்போது, கோப்பில் ஒரு துண்டு கேள், பதில் வரட்டும், அடுத்த துண்டு கேள் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகள் போகின்றன. ஆபீஸுக்குள் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. டனல் வழியாக 30 மில்லி விநாடி என்று வையுங்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஆயிரம் கேள்விக்கு 30 விநாடி. லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. அதைவிட மோசம், வவுச்சர் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் டேட்டாவே கெட்டுப்போகலாம்.

டேலி சர்வருக்குப் பக்கத்திலேயே ஓடட்டும். திரை மட்டும் தூத்துக்குடிக்கு வரட்டும். அதாவது டனலுக்குள் ரிமோட் டெஸ்க்டாப். நடுவில் அறுந்தாலும் சர்வரில் டேலி அப்படியே திறந்திருக்கும், மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். பலர் வேண்டுமானால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கான ரிமோட் டெஸ்க்டாப் லைசன்ஸும், டேலியில் பலர் பயன்படுத்தும் லைசன்ஸும் வேண்டும். விண்டோஸ் புரோவிலேயே பலரை நுழையவிடும் இலவசப் பேட்ச் ஒன்றைச் சிலர் போட்டுத் தருவார்கள். லைசன்ஸ் விதிப்படி தப்பு என்பது ஒருபக்கம். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் காலை யாராலும் உள்ளே போக முடியாமல் போவது இன்னொரு பக்கம்.

கேமராவுக்கும் ஒரு வார்த்தை. முதலாளி வீட்டிலிருந்து பதினாறு கேமராவையும் முழுத் தரத்தில் திறந்து வைத்தால் தலைமை அலுவலகத்தின் அப்லோடு முழுவதும் அதற்கே போய்விடும், டேலி திணறும். பார்ப்பதற்கு சப்ஸ்ட்ரீம் (குறைந்த தர வீடியோ) போதும், அதையே இயல்பாக வைத்துக் கொடுங்கள்.

படி 9: யாருக்கு எது

இதுவரை செய்தபடி விட்டால், டனலுக்குள் வந்தவருக்கு ஆபீஸில் உள்ள எல்லாம் திறந்திருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தால் அது உங்கள் பிரிண்டர்வரை நடந்து வரலாம்.

தலைமை அலுவலக ரவுட்டரின் ஃபார்வர்ட் பகுதியில் (ரவுட்டரைத் தாண்டிப் போகும் பாக்கெட்டுகளுக்கானது) விதிகள் எழுதுங்கள். ஆடிட்டரின் 10.20.255.120-இலிருந்து 10.20.1.10-க்கு 3389 மட்டும். மெர்ச்சண்டைசர்களுக்கு அதோடு டிசைன் ஃபைல் இருக்கும் சர்வரின் 445 (ஃபைல் ஷேரிங் போர்ட்). தூத்துக்குடி நெட்வொர்க்குக்கு 3389-உம் பிரிண்டரும். திருப்பூர் வழியாகப் பல்லடம் கேமரா ரெக்கார்டருக்கு முதலாளியின் போன் மட்டும். கடைசியில், டனல் வழியாக வரும் மற்ற எல்லாவற்றையும் தள்ளு. ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளின் பதில்களை அனுமதிக்கும் விதி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். முகவரியை நம்பி விதி எழுதலாமா என்று கேட்டால், வயர்கார்டில் எழுதலாம். 10.20.255.120 என்று வரும் பாக்கெட் ஆடிட்டரின் சாவியால் பூட்டப்பட்டது என்பதை அலவ்டு அட்ரஸ் ஏற்கெனவே உறுதிசெய்துவிட்டது.

வயர்கார்டின் பெரிய குறையும் இங்கேதான் வருகிறது. அது சாதனத்தைத்தான் அடையாளம் காணும், ஆளை அல்ல. லேப்டாப் திருடு போனால் சாவியும் போயிற்று. அதனால் லேப்டாப்பில் பிட்லாக்கர் (வட்டு முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி) கட்டாயம். ரிமோட் டெஸ்க்டாப் நுழைவில் இரண்டாவது அடையாளம் ஒன்றைக் கேட்க வையுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் கம்பெனியின் எரிபொருள் குழாய்ப் பாதையே நின்றுபோனது. உள்ளே வந்த ரான்சம்வேர் கும்பல் பயன்படுத்தியது யாரும் உபயோகிக்காமல் விட்டிருந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. பாஸ்வேர்டு எங்கோ கசிந்திருந்தது, இரண்டாவது அடையாளம் எதுவும் கேட்கப்படவில்லை. கும்பலுக்கு மீட்புப் பணமாகக் கொடுத்தது ஏறத்தாழ 44 லட்சம் டாலர்.

படி 10: ஓடத் தொடங்கிய பிறகு

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று தலைமை அலுவலகம் இருட்டானால் எல்லாக் கிளையும் நிற்கும். சர்வருக்கு யுபிஎஸ் போட்டவர்கள் ஃபைபர் மோடத்தை மறந்துவிடுவார்கள். மோடம், ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் அதே யுபிஎஸ்ஸில் சேருங்கள்.

மின்சாரம் திரும்பி வந்தபின் ஒரு விசித்திரமான கோளாறு வரலாம். இன்டர்நெட் வேலை செய்யும், ஒரு கிளையின் டனல் மட்டும் எழாது. சிறிய ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நேரம் பின்னால் போய்விடும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை இருக்கிறது, ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வருவதைப் போலி என்று தள்ளிவிடும். கிளை ரவுட்டரில் என்டிபியை (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் வசதி) போட்டு, அது டனல் வழியாக அல்லாமல் நேராக இன்டர்நெட்டிலிருந்து நேரம் வாங்கும்படி வையுங்கள். டனலுக்குள் இருக்கும் சர்வரிடம் நேரம் கேட்க வைத்தால், நேரம் இல்லாமல் டனல் எழாது, டனல் இல்லாமல் நேரம் கிடைக்காது.

சட்டம் பற்றி நிறையக் குழப்பம் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவில், வி.பி.என். சேவை வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. அது பொதுமக்களுக்குச் சேவை விற்பவர்களுக்கானது, கம்பெனிகள் தம் ஊழியர்களுக்காக வைத்துக்கொள்ளும் வி.பி.என்.-க்கு அல்ல என்று அதே ஆண்டு விளக்கமும் வந்தது. ஆனால் லாக்குகளை (யார், எப்போது இணைந்தார் போன்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருப்பதும், ஊடுருவல் போன்ற சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பதும் கம்பெனிகளுக்கும் உண்டு. ரவுட்டருக்குள் லாக் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். ஆபீஸ் சர்வர் ஒன்றுக்கு அனுப்பிச் சேமியுங்கள்.

ரவுட்டர் செட்டிங் முழுவதையும் மாதம் ஒரு முறை பேக்அப் எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, ஆபீஸுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். இடி விழுந்து ரவுட்டர் எரிந்தால், அதே மாடல் ஒன்றை வாங்கி ஏற்றினால் பழைய சாவிகளோடு எழுந்துவிடும். கிளைகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு எக்செல் தாளில் நாலு பத்தி: ஆள், சாதனம், டனல் முகவரி, பப்ளிக் சாவியின் முதல் எட்டு எழுத்து. ரவுட்டரில் பீரின் கமென்ட் கட்டத்திலும் அதே பெயரை எழுதுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், ஹெச்ஆர் கணக்கை முடிக்கும் முன்பே அந்த வரிகளைத் தேடி பீரை அழியுங்கள். பாஸ்வேர்டு மாற்ற வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாஸ்ட் ஹேண்ட்ஷேக் பத்தியைப் பாருங்கள். வாரக்கணக்கில் யாரும் தொடாத பீர் இருந்தால் முடக்கி வையுங்கள். தேவைப்பட்டால் அவரே போன் செய்வார்.